ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. வீட்டுச் செலவுக்கும் கடைக் கணக்குக்கும் இப்பழமொழியை எடுத்துக் கூறாத பாட்டி நம் ஊரில் இல்லை. ஆனால் தொழில் செய்தோர் பலர் கடையில் அளந்ததை ஆற்றில் அளக்க மறந்தனர். கல்லாவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்குப்பிள்ளையை நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள், ஆற்றில் விட்ட சாயத்தையும் கழிவையும் எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அக்கணக்கை இன்று கரையோர உழவர்களும் அவர்தம் பிள்ளைகளும் தீர்த்து வருகின்றனர். இக்கணக்கை எழுதக் கற்றுத் தரும் கல்வியைப் பற்றியும், அதைப் பட்ட வகுப்பிலேயே பயிலவும் பழகவும் நமக்குள்ள வாய்ப்புகளைப் பற்றியும் எங்கள் கருத்தை இங்கே கூற விழைகிறோம்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் வணிகவியல் பிரிவில் பயிலும் நாங்கள், இன்னும் சில திங்களில் கல்லூரி வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கப் போகிறோம். "காமர்ஸா? ஏன், சயன்ஸ் குரூப் கிடைக்கவில்லையா?" என்று இரக்கத்தோடு கேட்கும் உறவினர் எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. மருத்துவர் நோயைத் தீர்க்கிறார். பொறியாளர் பாலம் கட்டுகிறார். வணிகம் படித்தவள் என்ன செய்வாள், கணக்கு எழுதுவாள் என்பதே பலருடைய எண்ணம். கணக்கு எழுதுவது சிறிய காரியமா? எப்பொருளை எவ்வளவு செய்வது, யாருக்கு என்ன கூலி கொடுப்பது, கழிவை எங்கே கொண்டு சேர்ப்பது என்பனவெல்லாம் கணக்கைப் பார்த்துத்தானே முடிவு செய்யப்படுகின்றன? நோய் வந்தபின் தீர்ப்பவர் மருத்துவர். நோய் வராத வகையில் தொழிலை நடத்த வேண்டியவர் வணிகரே.

இன்றைய தேவையை நிறைவேற்றும்போது நாளைய தலைமுறையின் கையிலிருப்பதைப் பறிக்காமல் நடத்தும் தொழிலை 'வளங்குன்றா வாணிபம்' என்கிறோம். நார்வே நாட்டின் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகள் அவை அமைத்த ஆணையம் 1987-ஆம் ஆண்டில் இக்கருத்துக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி ஒரு நூலே எழுதிய தமிழர் ஒருவர் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தஞ்சை தந்த கணக்காளர்

அவர் பெயர் ஜே. சி. குமரப்பா. 1892-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வு பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசின் வரவு செலவைப் பற்றி ஆராய்ந்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரிக் கணக்குக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் புலப்பட்டது. கணக்கே அவரை விடுதலை இயக்கத்துக்கு அழைத்து வந்தது எனலாம்.

1929-ஆம் ஆண்டில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே முதலில் அவர் எடுத்துக் கொண்ட பெரும் பணி யாது? மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்துக்குச் சென்று, ஊர் ஊராக ஒவ்வொரு குடும்பத்தின் வரவையும் செலவையும் கடனையும் கேட்டு எழுதியதே ஆகும். உழவர் வீட்டுத் திண்ணையே அம்மாணவர்களுக்கு வகுப்பறையாயிற்று. கல்லூரி மாணவர் ஊருக்குள் சென்று பொருளியல் பயில வேண்டும் என்று இன்று சிலர் புதுமையாகப் பேசுகின்றனர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது அவர் அதைச் செய்து காட்டி.

பின்னர் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து அவர் நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு முதலிய தொழில்களைச் செம்மைப்படுத்தினார். சிறையில் இருந்தபோது எழுதி 1945-இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் அவர் இயற்கையையே ஆசிரியராகக் கொள்கிறார். புலி பிற உயிரைக் கொன்று உண்கிறது. குரங்கு தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கிறது. பறவை தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டுகிறது. தேனீ தன் கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாயோ கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டுகிறாள். மனிதர் செய்யும் தொழிலும் இவ்வைந்து வகையில் ஒன்றாக இருக்கும் என்பது அவர் கருத்து. நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறைவன. ஓடும் நீரும் வளரும் காடும் அளவறிந்து எடுத்தால் நிலைத்திருப்பன. முன்னதை நம்பி எழுப்பிய பொருளாதாரம் சண்டையில் முடியும் என்றும் அவர் எச்சரித்தார்.

1973-இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட 'சிறியதே அழகு' என்னும் நூலில் அறிஞர் ஷூமாக்கர் நம் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். தம் இறுதி ஆண்டுகளை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் கழித்து, 1960 சனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா மறைந்தார். நாங்கள் இரண்டு ஆண்டுகளாகப் படிக்கும் வணிகவியல், கணக்குப் பதிவியல் பாடங்களில் மேனாட்டு மேலாண்மை அறிஞர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறோம். தணிக்கையாளராகவும் வணிக நிர்வாகம் பயின்றவராகவும் விளங்கிய இத்தமிழரின் பெயரும் அப்பாடங்களில் இடம்பெற வேண்டாமா?

பாலாறும் நொய்யலும் சொல்லும் பாடம்

குமரப்பாவின் எச்சரிக்கையைக் கேளாததன் விளைவைக் காண நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழில் நாட்டுக்கு அன்னியச் செலாவணி ஈட்டித் தந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாயிற்று. அத்தண்ணீர் உப்பும் குரோமியமும் கலந்து பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் 35,000 எக்டேர் அளவுக்கு விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழ்பட்டதை அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று நாடறியச் சொன்னதும் இத்தீர்ப்பே.

நொய்யலின் கதையும் இதுவே. திருப்பூரின் பனியன் உலகெங்கும் சென்றது; சாயக் கழிவோ ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்குட்டையாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, முதலாளியும் தவித்தார், தொழிலாளியும் தவித்தார். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்த பின்னரே ஆலைகள் இயங்க முடிந்தது. அவ்வேற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் நின்றிராது.

இவ்விரு வரலாற்றிலும் நாங்கள் காண்பது ஒன்று. அத்தொழில்களில் கணக்கு எழுதியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். பற்று, வரவு என்னும் இரண்டு பத்திகளைப் பிழையின்றி எழுதினார்கள். 'இதன் செலவு யார் தலையில் விழுகிறது?' என்னும் மூன்றாவது பத்தி ஒன்று அவர்கள் பேரேட்டில் இல்லை. அப்பத்தியை எழுத அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத் தரவுமில்லை.

எங்கே பயிலலாம்? எங்கே பழகலாம்?

வாய்ப்பே இல்லை என்று நாம் இனிச் சொல்ல இயலாது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆணையின் பயனாக, எப்பட்டம் பயில்வோருக்கும் சுற்றுச்சூழல் கல்வி ஒரு பாடமாக வந்தது. நம் பகுதிக்கு அருகிலுள்ள ஸ்டெல்லா மாரிஸ், எத்திராஜ், எம்.ஓ.பி. வைணவக் கல்லூரி முதலிய மகளிர் கல்லூரிகளில் வணிகவியல் பட்டம் பெறலாம். தொழில் தொடங்க விரும்பும் மாணவருக்கு வழிகாட்ட, தமிழக அரசின் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஈக்காட்டுத்தாங்கலில் இயங்குகிறது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் ஒரு மாணவி, இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். சாலையோரம் கூட்டிப் பெருக்கி நிழற்படம் எடுத்துக் கொள்வதோடு அந்நேரம் கழிய வேண்டுமா? ஓர் அங்காடியின் கழிவுக் கணக்கை எழுதவும் அது போதுமே!

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் பூமியை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். அதைத் தொடர்ந்து 2019 மே திங்களில், உலகெங்கிலுமுள்ள இளம் பொருளியலாருக்கும் தொழில் முனைவோருக்கும் தனி மடல் ஒன்று எழுதி, புதிய பொருளாதாரம் பற்றிச் சிந்திக்க அசிசி நகருக்கு அழைத்தார். பெருந்தொற்றின் காரணமாக 2020-இல் இணையவழியாகவும், 2022-இல் அசிசியில் நேரிலும் அவர்கள் கூடினர். முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோரை நம்பி விடுத்த அழைப்பு அது என்பது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி.

பழகுவதற்கு நம் வட்டாரத்தைவிட நல்ல இடம் ஏது? இராஜா அண்ணாமலைபுரத்தின் தெற்கே அடையாற்றின் கழிமுகம் இருக்கிறது. குப்பையும் சாக்கடையும் சேர்ந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஓர் இடத்தைக் கெடுக்க எவ்வளவு எளிது, மீட்க எவ்வளவு செலவு என்பதை அங்கே கண்ணால் காணலாம். மயிலாப்பூரில் 1978-ஆம் ஆண்டு முதல் உழைக்கும் மகளிர் அமைப்பு நடைபெற்று வருகிறது. கூடை வியாபாரம் செய்யும் பெண்களுக்கு வட்டிக்கடைக்காரரிடமிருந்து விடுதலை தர, திருமதி ஜெயா அருணாசலம் தோற்றுவித்த அமைப்பு அது. சிறு கடனை எவ்வாறு கொடுப்பது, எவ்வாறு திரும்பப் பெறுவது என்பதை அப்பெண்களிடம் கேட்டறிவதைவிடச் சிறந்த வங்கியியல் பாடம் வேறில்லை. மந்தைவெளிக் காய்கறிக் கடைகளின் வாடிய கீரை, கோயில் வாசலின் பூக்கழிவு, தையற்கடைகளின் வெட்டுத்துணி, கடற்கரையின் இளநீர் மட்டை என ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்கான மூலப்பொருளே.

எடுத்துக்காட்டாக ஒரு மஞ்சப்பையைப் பார்ப்போம். 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழகத்தில் ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கல்லூரி மாணவியர் பத்துப் பேர் சேர்ந்து துணிப்பை செய்து விற்பதாகக் கொள்வோம். துணி விலை, நூல் விலை, தையற்கூலி, விற்ற விலை. இவ்வளவில் பாடநூல் கணக்கு முடிந்துவிடும். மூன்றாவது பத்தியில் என்ன எழுதுவது? அம்மஞ்சள் நிறம் எச்சாயத்தால் வந்தது? சாயம் கழுவிய நீர் எங்கே போயிற்று? ஒரு நாளைக்கு எத்தனை பை தைத்தால் தையற்கார அக்கா வீட்டில் உலை கொதிக்கும்? வாங்கியவர் எத்தனை முறை அதைக் கடைக்கு எடுத்துச் செல்வார்? ஒரே ஒரு முறை பயன்படுத்தி மூலையில் போட்டால் துணிப்பையும் வீண்தானே? ஒரு பையை வைத்து இவ்வளவும் கேட்டறிந்தவள், நாளை ஓர் ஆலையின் கணக்கை நம்பிக்கையோடு பார்ப்பாள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"இதெல்லாம் சொல்வதற்கு நன்றாக இருக்கிறது; இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று அன்புள்ள பெற்றோர் கேட்பது நியாயமே. எங்களை வளர்க்க நீங்கள் படும் பாட்டை நாங்கள் அறிவோம்.

பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல் தம் வரவு செலவோடு, பயன்படுத்திய நீர், மின்சாரம், வெளியேற்றிய கழிவு, பணிபுரியும் மகளிர் எத்தனை பேர் முதலியவற்றையும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி அமைப்பு கட்டாயமாக்கியுள்ளது. பட்டயக் கணக்காளர் கழகமும் இத்தகைய அறிக்கைகளுக்கென ஒரு தனி வாரியத்தை 2020-இல் அமைத்தது. இக்கணக்கை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் பெண்ணாக இருக்கக் கூடாதா?

2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்லதே. எனினும் அந்த இரண்டு விழுக்காட்டை எவ்வாறு கொடுத்தார்கள் என்பதோடு, நூறு விழுக்காட்டையும் எவ்வாறு ஈட்டினார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆற்றைக் கெடுத்துவிட்டு ஆற்றங்கரையில் மரக்கன்று நடுவது வளங்குன்றா வாணிபம் ஆகாது.

"பெண்ணுக்கு வியாபாரம் ஒத்து வருமா?" என்று இன்னும் கேட்போருக்கு ஒரு செய்தி. 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பல்லாயிரம் பெண்கள் பங்குதாரராக விளங்கும் லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே அப்பளம் இடும் பெண்ணே முதலாளி. இலாபத்திலும் அவளுக்குப் பங்கு உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, பழைய புடவையைத் தொட்டிலாக்கி, சாதம் வடித்த கஞ்சியையும் வீணாக்காத நம் தாய்மார்களுக்கு இக்கலை புதிதன்று. அவர்கள் அடுக்களையில் செய்வதை நாங்கள் ஆலையில் செய்ய விரும்புகிறோம்.

கல்லூரியிடம் மூன்று கேள்விகள்

வாய்ப்புகள் இருந்தும் ஏன் குறைபடுகிறோம்? சுற்றுச்சூழல் பாடம் பல இடங்களில் தேர்வுக்கு முந்திய இரவில் படித்து மறுநாள் மறக்கும் பாடமாக இருக்கிறது. சான்றிதழ் பெருகுகிறது, பழக்கம் பெருகவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் கற்க முடியுமா? பட்ட வகுப்பின் மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு மாணவியும் ஒரு சிறு தொழிலை, அது துணிப்பையோ உரமோ ஊறுகாயோ, தோழியரோடு சேர்ந்து உண்மையாக நடத்த வேண்டும். மூன்று பத்திக் கணக்கு எழுத வேண்டும். நட்டம் வந்தாலும் கணக்கு நேர்மையாக இருந்தால் முழு மதிப்பெண் தர வேண்டும். இதுவே எங்கள் துணிபு. படிக்கும் காலத்தில் வரும் சிறு நட்டம், பின்னாளில் ஓர் ஆற்றுக்கு வரும் பெருநட்டத்தைத் தடுக்கும் அன்றோ?

ஆகையால் பாடத்தின் புதுப்பெயரைக் கண்டு மட்டும் மயங்க வேண்டா என்று தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம். விண்ணப்பம் வாங்கும் நாளில் மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். வகுப்பறைக்கு வெளியே ஓர் உண்மையான தொழிலைப் பார்த்துப் பழக எத்தனை நாள் தருவீர்கள்? மாணவியர் தாமே தொழில் நடத்திக் கணக்குக் காட்ட இடமுண்டா? இக்கல்லூரியின் உணவு விடுதியில் மிஞ்சும் சோறும் கழிவுநீரும் எங்கே போகின்றன? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் கல்லூரி, முதலிரண்டையும் செய்யக்கூடிய கல்லூரியாகவே இருக்கும்.

எங்களுக்குப் பின்வரும் தங்கையரே! நீங்கள் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பள்ளியின் சிற்றுண்டிச் சாலையில் ஒரு வாரத்துக் குப்பையை நிறுத்துப் பாருங்கள். எடையை ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே போகிறது என்று விசாரித்து அதன் பக்கத்தில் குறியுங்கள். அருட்சகோதரியரும் ஆசிரியப் பெருமக்களும் உங்களுக்கு உடனிருந்து உதவுவார்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. அளக்கத் தெரிந்த பெண்களின் கையில் தொழில் வந்தால், பாலாறும் நொய்யலும் அடையாறும் ஒருநாள் தெளிந்து ஓடும்.